கடைசியில் எழுதிய வரி

மாப்பிள்ளை,

யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, நம் மாங்கூழ் ஆலையின் புகைபோக்கி மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீ இருந்திருந்தால் இந்த இடத்திலேயே, "ஆரம்பிச்சிட்டீங்களா மாமா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய்.

போன சனிக்கிழமை காலை, ஆலையின் மெயில் சர்வர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழையது தகடூர்க் கோட்டை கட்டின காலத்தது. மாற்றி ஓட்டியதுமே திரையில் எச்சரிக்கைகள் இறங்கத் தொடங்கின. நீட்டி வைத்தால் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் வரை போகும். எண்ணிப் பார்த்தால் ஒன்பதோ பத்தோ இருக்கும்.

நீயாக இருந்தால் டீயைக்கூட ஆறவிட்டுப் படிப்பாய். "எரர் வந்தா அதுவே நின்னுரும் மாமா, பயமில்ல. வார்னிங்கைத்தான் படிக்கணும். அது வேலையும் செஞ்சிக்கிட்டு, சொல்லிக்கிட்டும் இருக்கும்" என்பாய். நான் ஒருநாளும் படித்ததில்லை. அன்று படித்தேன். இந்த விதியின் பெயர் மாறிவிட்டது என்றது ஒன்று. உனக்காக இன்னும் பழைய பழக்கப்படியே நடக்கிறேன், புதுப் பழக்கம் வேண்டுமானால் சொல் என்றது இன்னொன்று. எவ்வளவு பணிவு பார். நம் ஆலையில் ஒருவருக்கும் அது கிடையாது.

கடைசி இரண்டும் வேறு மாதிரி. சர்வர் தன் விதிகளையெல்லாம் படித்துக்கொள்கிற கான்ஃபிக் ஃபைலில், ஒரே விதி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. முந்தையதைப் பிந்தையது மீறுகிறது. கடைசியில் இருப்பதுதான் செல்லும் என்றன. பழைய பதிப்பும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது, வாய் திறக்காமல். புதியது வரி எண்ணோடு சொன்னது.

உள்ளே வருகிற மெயில் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்கிற விதி அது. முதல் வரி உன்னுடையது. அதற்குரிய தலைப்பின் கீழ், மேலே ஒரு வரி காரணமும் எழுதி, பெரிய எண்ணாகப் போட்டிருந்தாய். ஃபைலின் அடியில் ஒரு சின்ன எண். அதற்கும் கீழே இன்னொரு பெரிய எண். அந்த இரண்டும் என்னுடையவை. கம்ப்யூட்டரிலும் கையெழுத்து தெரியும், மாப்பிள்ளை. உரிய இடம் தேடிப் போய் எழுதுகிறவன் நீ. நான் எதையும் கடைசியில் கொண்டுபோய்ப் போடுகிறவன். "மூட்டைய எறக்கற மாதிரி அடியில கொட்டாதீங்க மாமா, தேடறவனுக்கு எப்படிக் கெடைக்கும்" என்று எத்தனை தரம் சொன்னாய்.

அந்த வருட சீசன் நினைவிருக்கிறதா? நீ கொழுந்தியாள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு, சர்வர் என் பொறுப்பு. முதலாளியின் மச்சினன் தன் கல்யாண வீடியோவை ஆலை முழுவதற்கும் மெயிலில் அனுப்பிச் சர்வரைத் திணறடித்தான். நான் அடியில் ஒரு சின்ன எண்ணைப் போட்டு அவனை அடைத்தேன், பிறகு மறந்தேன். நீ திரும்பி வந்தாய். வெளிநாட்டுக்காரர்கள் பரிசோதனை அறிக்கையும் ஒப்பந்தமும் அனுப்ப இருந்தார்கள். நீ உன் வரியைப் போட்டு, அனுப்பச் சொல்லுங்க என்றாய். அனுப்பினார்கள். சர்வர் திருப்பி விட்டது. நான்கு தடவை.

நீ உன் வரியையே திரும்பத் திரும்பப் படித்தாய். அது சரியாகத்தான் இருந்தது. அடியில் ஒன்று கிடக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அப்படி எழுதுகிறவன் இல்லையே நீ. ஒப்பந்தம் வேறு ஆலைக்குப் போயிற்று. முதலாளி போட்ட சத்தத்தில் முற்றத்தில் கிடந்த காய்களெல்லாம் பயத்திலேயே பழுத்துவிட்டன. "பெருசாத்தான் போட்டேங்க, எப்படின்னு தெரியலீங்க" என்று மட்டும் சொன்னாய். இரண்டரை மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு உன்னை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நான் அடியில் ஒரு வரி எழுதினேன், பெரிய மெயிலும் உள்ளே வந்தது. இவன்தான் ஆளு என்றார் முதலாளி. அந்த அறையின் ஏசிக்கு முன்னால் சித்தேரி மலைப் பனி பிச்சை வாங்க வேண்டும். இத்தனை வருடமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ தொப்பூரில் ரோட்டோர ஓட்டலில் ஆர்டர் எழுதினாய். ஒருமுறை சாப்பிட வந்தேன். ஒவ்வொரு ஆர்டரையும் இரண்டு முறை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். "ரெண்டு புரோட்டா சார், ரெண்டே ரெண்டு. எத்தினி வாட்டி கேப்பீங்க" என்றார் ஒரு லாரிக்காரர். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிருச்சி மாமா."

நான் ஏதோ கதை விட்டேன். அதற்கும் சிரித்தாய். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாய், தப்பு உன்னுடையது என்றே நம்பிக்கொண்டு.

மூன்று வரிகளையும் எச்சரிக்கையையும் அச்சடித்து, முதலில் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சர்வர் ஓடுதில்ல? வுடு. போனவர எதுக்கு இழுத்துக்கிட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கம்பைநல்லூருக்கு, உன் வூட்டுக்குப் போனேன். தங்கச்சி அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தாள். காகிதத்தை விரித்து, வரி வரியாக விரல் வைத்துச் சொன்னேன். அவன் மேல் தப்பே இல்லை, இந்த ரெண்டாவது வரி என்னுடையது, புதுப் பதிப்பு சொல்லித்தான் எனக்கே தெரியும் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க கதை வுடறத அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்கண்ணா. அவரு பேரைக் காப்பாத்த உங்க தலைமேலயே போட்டுக்கிறீங்களே. யாருக்கு வரும் இந்த மனசு."

சத்தியம் செய்தேன். நீங்கள் எதற்குத்தான் சத்தியம் செய்யவில்லை என்றாள். கோழி அடித்துச் சோறு போட்டாள். கிளம்பும்போது காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். நல்லவன் என்கிற பட்டத்தோடு பஸ் ஏறினேன்.

அளந்ததையெல்லாம் நீ தள்ளிவிடு, மாப்பிள்ளை. உனக்குத்தான் தெரியுமே எதைத் தள்ளுவது என்று. புதுப் பதிப்பு சொல்லித்தான் தெரியும் என்று அவளிடம் சொன்னதையும் தள்ளிவிடு. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்று மூன்று மணிக்கு ஃபைலின் அடிக்குப் போனேன் அல்லவா, அங்கே நான் போட்ட சின்ன எண் கிடந்தது. பார்த்தேன். அந்த ஒரு வரியை அழித்திருந்தால் உன் வரியே வேலை செய்திருக்கும். நீ அப்போது பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாய். நான் அதை அழிக்காமல், அதற்குக் கீழே எழுதினேன்.