தரிசு என்று எழுதிய மூன்று மா

ஆவணி 20, ஞாயிறு

அன்பு மகள் ராஜாத்திக்கு அம்மா எழுதுவது.

நம் வயலைத் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நீ. இதை மறைத்துக்கொண்டு நலம் விசாரித்தால் அது பொய்யாக இருக்கும், அதனால் முதலில் சொல்லிவிட்டேன். இனிக் கேட்கிறேன், நீ நலமா, மாப்பிள்ளை நலமா, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே நாங்கள் சுகம். செவலை காளைக்கன்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை, திருக்காட்டுப்பள்ளியில் ஊசி போட்டு வந்தோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், பூத்துக்காரர் பில்லை நீட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை விவசாயச் சங்கத்து நடராசன் ஒரு நகல் வாங்கி வந்தார். நம் ஊரில் பல்கலைக்கழகம் மருந்தியல் கல்லூரி தொடங்க அரசாங்கத்துக்கு என்ன செலவாகும் என்று எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் திட்டப் பிரிவு, கா. ராஜாத்தி என்று உன் கையெழுத்து. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, உன் கையெழுத்து தெரியும். அதைத் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போய் "எம் மவ போட்டதுடா, நல்லாப் பாரு" என்று காட்டினார். ஐயாவு வீட்டில் காபி கூட வாங்கிக் குடித்தார். சாயங்காலம் நடராசன் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தார். கட்டடத்துக்கு இவ்வளவு, ஆய்வுக்கூடத்துக்கு இவ்வளவு, மேசை நாற்காலிக்கு இவ்வளவு, அமைச்சர் அடிக்கல் நாட்ட வரும் அன்று பந்தல், வரவேற்பு வளைவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. நிலம் பதினோரு ஏக்கர், மூன்று பசலி வருடமாகச் சாகுபடி இல்லாத தரிசு, பட்டாவை ரத்து செய்து அரசே எடுத்துக்கொள்ளலாம், செலவு இல்லை. பிறகு சர்வே நம்பர்களைப் படித்தார், எட்டாவது நம்முடைய மூன்று மா, ஒரு ஏக்கர். ஐயாவு அப்பா பக்கம் திரும்பினான். "ஏன் காத்தான், வளைவுக்கு வெல இருக்கு, வயலுக்கு வெல இல்லியாம்ல. ஒம் மவ நல்லாத்தான் படிச்சிருக்கு" என்றான். அவன் வயலும் அதில் இருக்கிறது, அவனை என்ன சொல்ல முடியும்? அப்பா காகிதத்தை மடித்து நடராசன் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அது அப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்திருந்தது.

நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தது நூற்றுப் பன்னிரண்டு என்ற பழைய நம்பர். அளவைக்காரர்கள் வந்து வயல் நம்பரையெல்லாம் மாற்றிப் போட்டபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். தாலுகா ஆபீசிலிருந்து வந்த பட்டியலில் புது நம்பர் இருந்திருக்கும், உனக்கு அது யாருடைய வயலோ. ஆனால் யாருடையதோ என்றால் மட்டும் சும்மா எழுதிவிடலாமா? காவிரிக் கரையில் பதினோரு ஏக்கர் மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது என்று காகிதம் சொன்னால், ஏன் கிடக்கிறது என்று கேட்க உனக்குத் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மேட்டூர் நேரத்துக்குத் திறப்பதில்லை, குறுவை போயிற்று. ஆவணியில் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணிலேயே விதையைத் தெளித்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். கிராம அதிகாரி ஆவணியில் மோட்டார் சைக்கிளில் வருவார், ரோட்டில் நின்றபடியே பார்ப்பார், வெறும் புழுதிதான் தெரியும், அடங்கல் கணக்குப் புத்தகத்தில் தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். விதை உள்ளே கிடக்கிறது என்று குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? தையில் நாங்கள் அறுக்கும்போது அவர் வருவதில்லை. நடு வருடம் ஒன்று கருகிப் போனது, மற்ற இரண்டிலும் அறுத்தோம். அந்த அரிசியைத்தான் உன் பிரசவத்துக்கு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

இந்தப் புழுதி விதைப்பு உனக்குத் தெரியாததா? நீ ஆறாவது படித்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. விதைத்த வயலில் புறா இறங்காமல் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடியது நீதான். பாடப் புத்தகத்தையும் கொண்டுவந்து வரப்பிலேயே படிப்பாய், டப்பாச் சத்தம் நின்றால் நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த நிலத்தை நமக்கெல்லாம் பிரித்துக் கொடுத்த வருடம், நீ கைக்குழந்தை. பண்ணையாட்கள் நாற்றங்காலில் மாட்டை விட்டார்கள், பதினோரு குடும்பமும் மாற்றி மாற்றி வரப்பிலேயே கிடந்தோம். உன்னைப் பூவரச மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நான் நட்டேன். அடுத்தவன் வயலிலேயே நட்டுப் பழகிய கை, அன்றைக்கு வேகம் வரவில்லை, ஒவ்வொரு நாற்றையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். கூட நட்டவர்கள் "அம்சம் கோலம் போடுறா பாரு" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் பிறகு கேட்கவில்லை.

கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க ஆள் இல்லாமல் ஆயா அள்ளிக் கொடுத்த காலம் எனக்கு மறக்கவில்லை. மறுநாள் நடவுக்குப் போகவேண்டும் என்று அப்பா மூன்று நாள் மாத்திரையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு கிடந்தாரே, அதற்குப் பிறகு நீ தெருவில் எல்லோர் பொட்டலத்திலும் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் பென்சிலால் வரைந்து கொடுத்தாய். அப்படித்தான் நீ இந்த மருந்துப் படிப்புக்கே போனாய். நம் தெருப் பிள்ளைகளும் படிக்கட்டும், அதற்கு இந்த நிலம்தான் வேண்டுமென்றால் கேட்கட்டும், விலையைச் சொல்லட்டும், குடும்பத்துக்கு ஒரு வேலை எழுதிக் கொடுக்கட்டும். செலவு இல்லை என்று மட்டும் சொல்லாதே. அரசாங்கத்துக்கு மிச்சமாகிற பணத்தைப் பதினோரு குடும்பம் கட்டுகிறது. எந்தக் கட்சி வந்தாலும் வளைவு ரோட்டில் நிற்கிறது, நாங்கள் வரப்பில் நிற்கிறோம்.

வருகிற செப்டம்பர் 22ஆம் தேதி புதன்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. பல்கலைக்கழகத்திலிருந்து நீயும் வருகிறாய் என்று நடராசன் சொன்னார். நீ அதிகாரிகளோடு வண்டியில் வந்து இறங்கினால் அப்பா அந்த இடத்தில் நிற்கமாட்டார், அது எனக்குத் தெரியும். முதல் நாளே வீட்டுக்கு வா, வயலில் இறங்கி மண்ணைக் கிளறிப் பார், மறுநாள் "நான் எழுதியது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் உன் வாயால் சொல். உன் வேலைக்கு ஆபத்து வரலாம். அதை யோசிக்காமல் நான் எழுதவில்லை, நான்கு நாள் யோசித்தேன்.

குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, மழைக்காலம் வருகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பாசம் அதற்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. அம்சம்