சாரங்கனைத் தூக்கிய விதம்

சித்திரை 9, வியாழன்

காலையிலேயே அனல். காவேரியில் வெறும் மணல். பல்பொடி தீர்ந்தது.

தண்ணீர்ப்பந்தலுக்குக் கீற்று கட்ட ஏணியில் ஏறிய தம்பி சாரங்கன் மல்லாக்க விழுந்தான். நினைவு இருந்தது. "இடுப்புக்குக் கீழே என்னமோ பண்றது அண்ணா." முதுகெலும்பு. சந்தேகமேயில்லை. யாரும் தொடாதீர்கள் என்று கத்திவிட்டுக் கொல்லைக் கதவைக் கழற்ற ஓடினேன். வருவதற்குள் பெருமாள் பல்லக்குச் சுமக்கும் நாலு பேர் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இடுப்பு தூளி மாதிரித் தொங்கியது.

"பெருமாளையே ஏளப்பண்ற தோள், ஸ்வாமி. உம்ம தம்பியைக் கீழே போட்டுடுவோமா?"

வீடு வரை பெருமாள் புறப்பாட்டு நடை. நாலு பேருக்கும் ஒரே அடி. அடிக்கு அடி உடம்பு ஆடிற்று. தூக்குகிறவர்கள் கால் மாற்றி வைத்தால்தான் ஆடாது. புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. முதலுதவி வகுப்பில் என்னைக் கிழவன் என்று சேர்க்கவில்லை, நானாகப் படித்தது. யார் கேட்கிறார்கள்? எதிர்வீட்டார், "என்ன நடை!" என்று மெச்சினார்.

10, வெள்ளி

கால் அசையவில்லை. திருச்சி ஆஸ்பத்திரிக்கு.

தலையை நான் பிடித்தேன். வேறு யாரையும் விடவில்லை. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேராக, உருளைக்கட்டை போல ஒருக்களிக்கப் புரட்டி, அடியில் கதவைச் செருகி, திரும்ப மல்லாத்தினோம். கழுத்துக்கு இருபுறமும் மடித்த வேஷ்டி. நெஞ்சு, தொடை, கணுக்காலில் கட்டு. தெருமுனையில் வண்டி. அதுவரை சுமக்க அதே நால்வர்தான்; வேறு ஆள் இல்லை.

கால் மாற்றி நடங்கள் என்றேன். முயன்றார்கள். பத்தடி போவதற்குள் மறுபடி ஒரே அடி.

"தானா சேர்ந்துடறது, ஸ்வாமி. பழக்கம்."

நிறுத்தினேன். திரும்பத் திரும்ப நிறுத்தினேன். தம்பி மனைவி பின்னாலிருந்து, "வைதது போறும். அவாளாவது ஓடி வந்தா."

கதவு எடுக்கப் போனவன் ஓடவில்லையாம்.

11, சனி

டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். சாரங்கன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கதவில் கொண்டுவந்தது சரிதான்," என்றார் டாக்டர். விழுந்த இடத்திலிருந்தேவா என்று கேட்டார். இல்லை என்றேன். சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மோர் புளித்துவிட்டது. குடித்தேன்.

13, திங்கள்

விசாரிக்க வந்த உறவினர், எல்லாம் விதி என்றார். விதியில்லை, தூக்கிய விதம் என்றேன். எழுந்து போய்விட்டார். போகட்டும்.

கட்டெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே அவிழ்த்தாயிற்று. சாயங்காலம் சாரங்கன் கூப்பிட்டான்.

"அண்ணா, கால் கட்டை அவிழ்த்து விடுங்கோ. ரொம்ப இறுக்கிக் கட்டிட்டேள், மரத்துப் போச்சு."

சரியென்று குனிந்து, கொஞ்ச நேரம் அவிழ்த்தேன்.