இரண்டு டிஸ்க் மாட்டும் போர்டு

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் என் லேப்டாப் இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. பதறாதீர்கள், சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் நிறைந்துவிடுகிறது என்று, பிள்ளைகளின் வீடியோவை எனக்கு அனுப்பிய கையோடு நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகான நான்கு வருடமும் இந்த ஒரு லேப்டாப்பில்தான் இருக்கிறது.

அதனால் வீடியோக்களைச் சேமிக்க அறையிலேயே ஒரு சின்ன சர்வர் வைக்கலாம் என்று, அதன் அடிப்படைப் பலகையான மதர்போர்டு வாங்கப் போனேன். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. பிராசசரும் அதிலேயே சேர்ந்து வரும். இருப்பதிலேயே மலிவானதில், வீடியோ பதிவாகும் டிஸ்க் ஒன்றுதான் மாட்டலாம். நான் இரண்டு மாட்டக்கூடியதைக் கேட்டேன். ஒன்று போனாலும் மற்றதில் எல்லாம் இருக்கும்.

“தனி ஆளுக்கு எதுக்கு மேடம் ரெண்டு? பேங்க்கா நடத்துறீங்க?” என்றார் கடைக்காரர்.

“தனியா இருக்கிறவளுக்குத்தாங்க ரெண்டு வேணும்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வாங்கி வந்த போர்டைப் பொருத்தி முடிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். பிறந்தநாள் மட்டும் போதாது. சின்னவள் சடை பின்ன அடம்பிடிப்பதையும் எடுத்து அனுப்புங்கள். பழைய வீடியோக்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உங்கள் குரல் இருக்கிறது, முகம் ஒன்றில்கூட இல்லை. ஒரு நாளாவது போனைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நில்லுங்கள்.

பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

உங்கள் மனைவி