முன்சக்கரத்தில் ஆறு கம்பி

28 மே 2025, புதன்

உறுதியானது: நேற்றுக் காலை எட்டு பத்துக்கு, இண்டூரிலிருந்து தருமபுரி வரும் சாலையில், சைக்கிளில் வந்த முகம்மது கவுஸ் (52) கீழே விழுந்து வலது கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். சொன்னவர் காவல் நிலைய ரைட்டர் பெரியண்ணன். போனில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக.

"எதுனா இடிச்சுதாங்க?"

"இடிக்கிலீங்க சார். தானா வுளுந்துட்டாரு. மாங்கா லாரியப் பார்த்து மிரண்டிருப்பாரு. நீங்க வழக்கம்போல போட்டுக்கங்க."

வழக்கம்போல என்றால், 'நிலைதடுமாறி விழுந்தார்'. முப்பத்தோரு வருடமாக இந்த மாவட்டத்தில் சைக்கிள்காரர்கள் நிலைதடுமாறித்தான் விழுகிறார்கள். எந்தக் காரும் யாரையும் தொட்டதில்லை. நான் எழுதியதையெல்லாம் சேர்த்து வைத்துப் படிக்கும் ஒருவர், இந்த ஊர்க்காரர்களுக்கு நிற்கவே தெரியாது என்று நினைப்பார்.

ஆறு வரி எழுதிப் பேப்பருக்கு அனுப்பினேன். போய்ப் பார்க்கவில்லை. வெயில் ஒரு காரணம். இன்னொன்று, சைக்கிளில் போனவன் விழுந்த செய்திக்கு எவரும் நேரில் போவதில்லை. கார் கவிழ்ந்தால் போட்டோகிராபரோடு போவோம்.

29 மே, வியாழன்

ஐந்தாம் பக்கம், கீழ்மூலை. அதன் தலைமேல் அரைப் பக்கத்துக்குப் புதுக் கார் விளம்பரம்.

1 ஜூன், ஞாயிறு

உலக சைக்கிள் தின விழிப்புணர்வுப் பேரணி. தினம் என்னவோ செவ்வாய்க்கிழமைதான். செவ்வாயன்று இவர்களுக்கு வேலை இருக்கிறது.

நடத்தியவர் அருள்குமார். இரண்டு கல்யாண மண்டபங்கள், ஒரு சைக்கிள் சங்கம், அதன் தலைவர் பதவி, மூன்றும் அவருக்குச் சொந்தம். நாற்பத்திரண்டு பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய சைக்கிள்களில் முப்பத்தொன்று கார்களின் மேலும் பின்னாலும் கட்டப்பட்டு வந்தன. எண்ணினேன். ஊருக்கு வெளியே இறக்கி, ஏழு கிலோமீட்டர் மிதித்து, திரும்பவும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சங்கம் காப்பாற்ற நினைக்கும் சுற்றுச்சூழல் எது என்று எனக்கு விளங்கவில்லை.

வழியில் ஒரு பால்காரர் இரண்டு கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பழைய சைக்கிளில் எதிரே வந்தார். மஞ்சள் பனியன் போட்ட தொண்டர் ஒருவர் கையை வீசினார்: "யோவ், ஓரமா போய்யா! சைக்கிள் பேரணி வர்றது தெரியல?"

பால்காரர் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "அப்ப இது என்னாங்க, ஏரோப்ளேனா?" என்றார். பேரணியில் அறிவோடு பேசப்பட்ட ஒரே வாக்கியம்.

மேடையில் அருள்குமார், "சைக்கிள் ஓட்டுங்க, பெட்ரோல் செலவ மிச்சம் பண்ணுங்க" என்றார். கீழே இறங்கியதும் தன் காரைக் காட்டி என்னிடம், "லிட்டருக்கு பத்துதான் சார் குடுக்குது, என்னா பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். பேரணிக்குப் பின்னால் தண்ணீரும் வாழைப்பழமும் சுமந்து வந்த கார் அது. பின்சீட்டில் பழத்தாரோடு நானும் வந்தேன். சந்தன நிறச் சீட்டு. முன்சீட்டின் முதுகில் மெரூன் நூலில் ஒரு சைக்கிள் படம். "நம்ம சங்கத்துச் சின்னம் சார், ஸ்பெஷலா தெக்கச் சொன்னது." இடது பக்கக் கண்ணாடி மட்டும் புதிது. கடையின் ஒட்டுத்தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

ஏன் என்று கேட்கவில்லை. அவர் கொடுத்த பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

4 ஜூன், புதன்

அலுவலகத்துக்கு ஜான் பீ வந்தார். சைக்கிளில் விழுந்த கவுஸின் மனைவி. நான்காக மடித்த பேப்பரை என் மேஜையில் விரித்தார்.

"இத எழுதுனது யாருங்க?"

"நான்தாம்மா."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்புடிங்க தெரிஞ்சுது, தடுமாறுனாருன்னு? இருவது வருசமா அதே ரோட்டுல வர்றவருங்க. கார் இடிச்சுதுன்னு டேசன்ல போயி சொன்னா, பேப்பர்லயே வந்துருச்சு, தானா வுளுந்தாருன்னு இதையே எங்கிட்ட காட்றாங்க."

ரைட்டர் சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதியதை ரைட்டர் ஆதாரமாகக் காட்டுகிறார். இருவருமே சம்பளம் வாங்குகிறோம்.

அவரோடு டவுன் பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனேன். நான் டிக்கெட் எடுத்தேன். அவருக்கு இலவசம். "ஆம்பளைக்கும் ஓசின்னு வுட்டிருந்தா எங்க வூட்டுல எதுக்குங்க சைக்கிளு?" என்றார். கணக்கு அவர் நாக்கின் நுனியில் இருந்தது: பஸ்ஸுக்குப் போக வர முப்பது, இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோவுக்கு இருபது. கூலி அறுநூறு. அதனால் பதினோரு கிலோமீட்டர் மிதி.

கவுஸ் செய்யும் வேலை, கார்களுக்குச் சீட் கவர் தைப்பது. ஆசிம் என்பவரின் கடையில். கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"காரு லாரிய முந்திக்கினு எம்பக்கம் ஒடிச்சு வந்துச்சுங்க. சைடு கண்ணாடி ஹேண்டில்பார்ல மாட்டி என்னைய இழுத்துப் போட்டுருச்சு. பத்தடி தள்ளி நின்னாங்க. பின்கதவத் தொறந்து ஒருத்தரு எட்டிப் பார்த்தாரு. மூடிக்கினு போயிட்டாங்க. நம்பரு பாக்கலீங்க. சீட்டப் பார்த்தேன்."

"சீட்டையா?"

"நான் தெச்சதுங்க சார். முன்சீட்டு முதுவுல சைக்கிள் படம். பிப்ரவரில தெச்சேன். பின்சக்கரத்துக்கு எட்டு கம்பி வெச்சேன். முன்சக்கரத்துக்கு ஆறு வெச்சதோட மெரூன் நூலு தீந்துபோச்சு. எவன் உக்காந்து எண்ணப் போறான்னு வுட்டுட்டேன்." சிரித்தார். "தப்பா தெச்சதுதாங்க இப்ப எனக்கு சாட்சி."

ஞாயிறு சாயங்காலம் வாக்குமூலம் வாங்க வந்த ரைட்டரிடமும் இதைச் சொன்னாராம். "சைக்கிள் கம்பிய எண்ணுற நேரமாய்யா அது?" என்று பெரியண்ணன் கேட்டாராம்.

வலது கால் போனால் அவருக்கு மெஷினும் இல்லை, சைக்கிளும் இல்லை. இரண்டுக்கும் அதே கால். இடித்த கார் எது என்று நிரூபித்தால்தான் இழப்பீடு.

ஏழு கிலோமீட்டர் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து வந்தேன். முப்பத்தொரு சைக்கிளை எண்ணியவன், கம்பியை எண்ணவில்லை.

5 ஜூன், வியாழன்

மண்டபத்துக்குப் போனேன். கார் நிழலில் நின்றது. சீட்டெல்லாம் கறுப்பு. நான் கேட்காமலே அருள்குமார் சொன்னார்: "சந்தனக் கலரு சீக்கிரம் அழுக்காயிடுது சார்."

பிப்ரவரியில் தைத்த சீட்டு.

6 ஜூன், வெள்ளி

ஆசிமின் கடை. ஆசிம் முப்பது வயதுக்காரர், வாய் ஓயாது.

"திங்கக்கெழம வந்தாருங்க. 'அவசரம், இன்னிக்கே மாத்து, பழச கடாசிடு'ன்னாரு."

"கடாசிட்டீங்களா?"

"நல்ல ரெக்சின கடாசறதுக்கு எனக்கென்ன கிறுக்கா சார் புடிச்சிருக்கு? அதுல மூணு பைக்குக்கு சீட்டு தெக்கலாம்."

மெஷினுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தார். விரித்தார். பின்சக்கரம் எட்டு. முன்சக்கரம் ஆறு. இரண்டு தடவை எண்ணினேன். பிப்ரவரி ரசீதின் அடிக்கட்டையில் அருள்குமாரின் பெயரும் கார் நம்பரும் இருந்தன.

தடயத்தை மறைக்க நினைத்தவர், அது தைக்கப்பட்ட கடைக்கே வந்திருக்கிறார். சேலத்துக்குப் போயிருக்கலாம். சேலத்தில் கூலி அதிகம். பிப்ரவரியில் வந்தபோது மெஷினில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். சாலையில் கிடந்தபோது திரும்பிப் பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. இவர்களுடைய தந்திரம்கூட இவர்களைப் போலவே சோம்பேறி.

9 ஜூன், திங்கள்

கவரையும் அடிக்கட்டையையும் எடுத்துக்கொண்டு ஆசிம், ஜான் பீ, நான் மூவரும் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நிர்மலா புதிதாக வந்தவர். எல்லாவற்றையும் கேட்டார். படத்தில் விரல் வைத்து அவரும் எண்ணினார். பிறகு பேப்பரை எடுத்துப் போட்டார்.

"சார், நிலைதடுமாறி விழுந்தார்னு நீங்களே போட்டிருக்கீங்க. கோர்ட்ல மொத கேள்வியே இதுதான் வரும்."

"பாக்காம எழுதினேன்னு எழுதித் தர்றேங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினார். பெரியண்ணன் என் பக்கம் குனிந்து, "சார், நான் சொன்னேன்னு மட்டும் போட்றாதீங்க. புள்ளகுட்டிக்காரன்" என்றார். கவுஸுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஹீனா, பிளஸ் டூ. எழுதினேன்: அழைத்த நேரம், எண், அவர் சொன்ன வார்த்தைகள்.

இந்த நாட்குறிப்பின் மே 28 பக்கத்தை இன்ஸ்பெக்டர் நகல் எடுத்துக்கொண்டார். அதில் வெயில் பற்றிய வரியும் இருக்கிறது. அடிக்கவில்லை.

11 ஜூன், புதன்

ஆசிரியர் போன் செய்தார். அருள்குமாரின் மண்டபங்கள் நமக்கு வருடம் முழுக்க விளம்பரம் தருகின்றனவாம். "ஒரு சைக்கிளுக்குப் போய் பேப்பர் பேர டேசன்ல எழுதிக் குடுப்பீங்களா?" விபத்துச் செய்திகளை இனிமேல் தலைமை அலுவலகமே நிலையங்களிடமிருந்து வாட்ஸப்பில் வாங்கிக்கொள்ளுமாம். எனக்குக் கோயில் விழாக்கள்.

ஒரு சைக்கிளுக்காம். சைக்கிளு மேல ஒரு ஆளு உக்காந்திருந்தாரு — அது எங்கய்யா போச்சு உங்க கண்ணுக்கு? முப்பத்தோரு வருசம் எனக்கு எங்க போச்சு?

20 ஜூன், வெள்ளி

திருத்தம் வெளிவந்தது. ஒன்பதாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே, இரண்டு வரி. யார் தவறு என்று இல்லை. அந்தச் செய்தியே நிலைதடுமாறி விழுந்ததுபோல் எழுதியிருக்கிறார்கள்.

14 ஜூலை, திங்கள்

உறுதியானது: வழக்குப் பிரிவு மாற்றப்பட்டு, காரை ஓட்டிய அருள்குமார் கைதாகி ஜாமீனில் வந்தார். இடது கண்ணாடி வாங்கிய ரசீது மே 28 தேதியிட்டது. பெரியண்ணன் மீது துறை விசாரணை. சொன்னவர் இன்ஸ்பெக்டர் நிர்மலா, நேரில். போய்க் கேட்டேன், என் வேலை இல்லையென்றாலும். மற்ற பேப்பர்கள் 'பிரமுகர்' என்று போட்டன. எங்கள் பேப்பர் போடவில்லை. சைக்கிள் சங்கம் புதுத் தலைவரைத் தேடுகிறது. கார் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை இருக்கும்.

காலையில் ஆசிமின் கடைக்குப் போனேன். கவுஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். மிதியை இடது காலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார் ஆசிம். தையல் கோணலாகப் போகிறது, பிரித்துப் பிரித்துத் தைக்கிறார். அவருடைய சைக்கிள் வாசலில் நின்றது, ஹேண்டில்பார் நிமிர்த்தப்பட்டு.

"அதுக்குள்ள எதுக்குங்க இதை ரிப்பேர் பண்ணீங்க?"

"பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அம்பது ரூவா, எத்தன நாளைக்குங்க சார்?"

அதே சாலைதானே என்று கேட்க வந்தேன். வேறு சாலை கிடையாது.

நிலுவை: மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஜூலை 21. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முதல் விசாரணை, ஆகஸ்ட் 19. சாட்சிப் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது, பார்க்காதவன் என்ற முறையில்.

கவுஸின் வலது முட்டி பெடலை மிதிக்கும் அளவுக்கு மடங்குமா என்பதை டாக்டர் ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை சொல்வார்.