அப்பா நம் கதவைத் தாண்டிப் போனார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், சின்னவளுக்கு இந்நேரம் சளி விட்டிருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கோபப்படாதே, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற விஷயமில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் நம் கட்டடத்தில் தீப்பிடித்தது. பதறாதே, வாசல் சுவர் கறுத்ததோடு சரி. கீழே மீட்டர் பெட்டியில் பிடித்து மாடிப்படி முழுக்கப் புகை ஏறிவிட்டது. மத்தியானம், துணியை மெஷினில் போட்டுவிட்டுச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போயிருந்தேன், தொண்டை கமறித்தான் விழித்தேன். கதவைத் திறந்தால் எதிர்வீடே தெரியவில்லை. மேலே இருந்து அப்பா இறங்கி வருகிறார், முதுகில் மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர். இடுப்பு எலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேனே, அவர்தான். லிஃப்டும் நின்றுபோயிருந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வா என்றார் அப்பா. பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

தெருவுக்கு வந்து யாரோ கொடுத்த தண்ணீரைக் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கடைக்குப் போயிருந்தவர், கீழே இருந்து ஏறி வந்தவர். மூன்றாம் மாடிக்குப் போனார் என்றால் இரண்டாம் மாடியில் நம் கதவைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? மீதித் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே, “நீ நடப்ப. அவங்களால முடியாது. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார். நான் தூங்கிக்கொண்டிருந்தேனே என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றார். தப்பு செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் செய்தது சரி, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நீ கல்லூரியில் நியாயம், விழுமியம் என்று பாடம் நடத்துகிறவள். உன் வகுப்பில் கேட்டுப் பார், எல்லாப் பிள்ளைகளும் அப்பா பக்கம்தான் கை தூக்குவார்கள், நானும் தூக்குவேன். வேறொருத்தி புருஷன் இதைச் செய்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லி மெச்சியிருப்பேன். ஆனால் இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் செய்தவள், கதவில் ஒரு தட்டுக்குக்கூடவா பெறமாட்டேன்? புத்தி சரி என்கிறது, நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது.

நேற்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தோம். புகை நுரையீரலில் இறங்கியிருக்கிறது, மூக்கில் குழாய். பிழைத்துக்கொள்வார், ஆனால் இனிமேல் பாடுவது கஷ்டம், கொஞ்சம் முன்னால் வெளியே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லல. உன்னக் கூப்பிடத் திறக்கலாம்னு நம்ம கதவுல சாவியைப் போட்டுட்டேன். மேல அவங்க இருமுற சத்தம் கேட்டுது. கேட்டும் அங்கேயே நின்னேன், கால் நகரல. அந்த நேரம் அவங்களுக்குச் சேர வேண்டியது.”

திருடிவிட்டு வந்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? அப்பாடா, நின்றிருக்கிறார் என்று மனசு துள்ளியது. அங்கே ஒரு மனுஷிக்குக் குரலே போய்விட்டது, இங்கே நான் பூரித்துப் போகிறேன். எனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று இந்த வயதில்தான் தெரிந்தது. வாயோரம் வந்த சிரிப்பு அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் பக்கம் பக்கமாக எழுதாதே. அப்பாவுக்குப் போன் போடு. நீங்கள் செய்தது சரிதான், நின்றதும் குற்றமில்லை என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சாவி விஷயம் நான் எழுதினேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம், தீ விபத்து என்று கேள்விப்பட்டதாகப் பேச்சை எடு, அவரே சொல்வார்.

சின்னவளை ஈரத் தலையோடு வெளியே விடாதே. உங்கள் கட்டடத்தில் நடக்க முடியாதவர் யார், எந்த வீட்டில் என்று தெரிந்து வைத்துக்கொள், மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா