அக்கா, உன் மணியைக் கழற்றிவிட்டேன்

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அக்காவுக்கு,

நீ ஆசைப்பட்டபடி அடுப்பு மூட்டிவிட்டோம். பதுளைக் கடைத்தெருவில் உனக்கிருந்த இரண்டு கடைகளும் இப்போது தர்மத்தின் பேரில் இருக்கின்றன. கடைகளை யாரும் விற்கக் கூடாது, வருகிற வாடகையில் ஆஸ்பத்திரிக்கு வரும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்குச் சோறு போட வேண்டும் என்று சாசனத்தில் நீ எழுதிவைத்தாய். எல்லாம் அப்படியே நடக்கிறது, ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி அடம்பிடித்தாய். நமுனுகுலை மலைப் பக்கமிருந்து நோயாளியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவர்கள், ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் நனைந்துகொண்டு பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள். குரலே எழும்பாத உனக்கு அன்று எங்கிருந்துதான் பலம் வந்ததோ. “இங்க வாங்கம்மா, கஞ்சி இருக்கு” என்று கூப்பிட்டு உன் பங்கைக் கொடுத்துவிட்டு, நீ குடித்ததாக என்னிடம் பொய் சொன்னாய். எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

நம் ஊர்ச் சத்திரத்தைப் போல மணி அடித்துத்தான் பந்தி நடக்க வேண்டும் என்பதும் உன் சாசனத்தில் இருந்தது. நம் தாய்மாமா அதற்காகவே ஊரிலிருந்து வெண்கல மணி வரவழைத்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே போட்ட கொட்டகை வாசலில் அதைக் கட்டும்போது மனிதருக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது போல அத்தனை மிடுக்கு.

முதல் நாள் சோறும் பூசணிக்காய்க் குழம்பும் தயாரானதும் மாமா மணியை அடித்தார். மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். ஆனால் கொட்டகைக்குள் வரவில்லை. கொட்டுகிற மழையில், முற்றத்தில், ஆண்கள் ஒரு வரிசையும் பெண்கள் ஒரு வரிசையுமாக நின்றார்கள்.

“ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க” என்றேன்.

முன்னால் நின்ற ராமாயி என்ற பெண், இடுப்பில் இருந்த பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: “மணி அடிச்சிச்சுங்களே அய்யா. பேரு கூப்பிடுவீங்கன்னு நிக்கிறோம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன் மணி அடித்தால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பேர் கூப்பிட்டு, எந்த மலையில் வேலை என்று சொல்லும்வரை அசையக் கூடாது. பிந்தினால் அன்றைய பேரும் கூலியும் போய்விடும்.

“இது பெரட்டு இல்லம்மா. சாப்பாட்டுக்குத்தான் மணி.”

“சாப்பாட்டுக்கு யாருங்க மணி அடிப்பாங்க?” என்று கேட்டாள்.

சொல்லிப் புரியவைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தினம் புது முகங்கள் வருகின்றன, தினமும் அதே வரிசை. ஒரு நாள் காலில் கட்டுப் போட்டிருந்த கிழவர் ஒருவர், மணிச் சத்தம் கேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து வரிசையின் கடைசியில் நின்றார். காலில் போட்ட கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. அவரைத் தாங்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்து நான் அழுதேன் அக்கா.

மறுநாள் ஏணியைப் போட்டேன். மாமா கீழே நின்று கத்தினார்.

“செத்தவ எழுதினதை மாத்த நீ யாருடா?”

“அன்னிக்கு ஜன்னல்ல அக்கா மணியா அடிச்சா, மாமா? வாயாலதானே கூப்பிட்டா?”

அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். மணி இப்போது பிள்ளையார் கோயிலில் இருக்கிறது.

சோறு வெந்ததும் நானே மரத்தடிக்குப் போய், “வாங்க, சாப்பிட வாங்க” என்று கூப்பிடுகிறேன். முதல் தடவை, பிள்ளைக்கு மருந்து வாங்க மறுபடி வந்திருந்த ராமாயி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் வந்தாள்.

உன் எழுத்தை மீறியது சரியா, தப்பா? நீ இருந்தால் ஒரு குட்டு வைத்துச் சொல்லியிருப்பாய். மழையோ வெயிலோ, நான் நடமாடும்வரை நானே போய்க் கூப்பிடுவேன். முடியாமல் போனால், உன்னைப் போல ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிக் கூப்பிடுவேன்.

இந்த ஒரு முறை உன் பேச்சைக் கேட்காத,
உன் தம்பி