மூன்றாவது கம்பெனியின் கதவு

மார்ச் 4
இன்னொரு கம்பெனியும் ஆறு மணி நேர கார் பந்தயத்திலிருந்து கழன்றுகொண்டது. நான் கார்களுக்கு எடை பார்க்கும் வேலைக்கு வந்தபோது ஒன்பது கம்பெனிகளின் கார்கள் வரிசையில் நிற்கும். இப்போது இரண்டே கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கார். மூன்றாவது இருந்தால்தான் பந்தயம் செல்லும் என்கிறது விதி. பந்தயம் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

மார்ச் 19
அப்பாடா! ஒரு பட்டறைக்காரர் தானே செய்த காரோடு பெயர் கொடுத்திருக்கிறார். அவரையும் கம்பெனி என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். "இனிமே பூனையைக் கூட்டிட்டு வந்தாலும் கம்பெனின்னு எழுதிக்குவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். கிண்டல் செய்யட்டும். இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2
எடைமேடையைச் சரிபார்த்தாயிற்று. பிசகில்லை.

ஏப்ரல் 11
நாளை பந்தயம். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். பட்டறைக்காரரின் கார் மேடையில் ஏறியது — இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடைக்கு மூன்று கிலோ கம்மி! போன வாரம் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். நேற்று லேசான புதுக் கதவு வந்ததாம். ஆசையில் மாட்டிவிட்டு மறுபடி எடை போடவில்லை. வேகத்துக்காக எடையைக் குறைப்பது இவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி.

"மூணு கிலோதானே மேடம்? நான் இல்லேன்னா உங்க பந்தயமே இல்லையே!" கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார்.

எனக்குத் தெரியாதா? ஒரு கையெழுத்து — யாருக்குத் தெரியப்போகுது? ஏன் போடல நான்? பைத்தியமா எனக்கு? 'தகுதி இல்லை' என்று எழுதினேன். எடையைச் சரிசெய்ய ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் மனைவி பழைய கதவைத் தன் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாலரை. வெள்ளைக் காருக்குச் சிவப்புக் கதவு, அதுவும் நசுங்கியது. அதை மாட்டி மேடையில் ஏற்றியபோது இரண்டு கிலோ கூடுதலாகவே காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஏப்ரல் 12
பட்டறைக்காரரின் காருக்கு மூன்றாம் இடம்! நாலாவதாக வந்த பெரிய கம்பெனியின் மேலாளருக்குப் பொறுக்கவில்லை. நேற்று நடந்தது காதுக்குப் போயிருக்கிறது. "எடை கம்மியான வண்டியை ஓட விட்டுட்டாங்க" என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அது நிஜமானால் அந்தக் காரை நீக்கவேண்டும். மிஞ்சுவது இரண்டு கம்பெனி. மொத்தப் பந்தயமும் செல்லாது.

எல்லார் முன்னாலும் மறுபடி மேடையில் ஏற்றினோம். எனக்குப் பயமே இல்லை. எவ்வளவு நிம்மதி!

ஆறு மணி நேரம் ஓடி டயர் தேய்ந்தும் ஒரு கிலோ கூடுதல். மேலாளர் இரண்டு தடவை எண்ணைப் படித்துவிட்டுப் போய்விட்டார்.

பட்டறைக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "நேத்து உங்களை மனசுக்குள்ள ரொம்பத் திட்டிட்டேன் மேடம்."

"மனசுக்குள்ளயா? எனக்கு நல்லாவே கேட்டுச்சே" என்றேன்.